சைடிங் ஓரத்தில் இரண்டு பேர்: வாளையாறு – பாலக்காடு பாதையில் ரயில் படமெடுத்தபோது நடந்த நிகழ்வின் ஆய்வு

பின்னணி

கோவையிலிருந்து பாலக்காடு போகும் ரயில் பாதையில் எட்டிமடை தாண்டினால் காடு. வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோடு நெருங்கினால் தொழிற்சாலைகள். தேசிய நெடுஞ்சாலை 544 பல இடங்களில் பாதையை ஒட்டியே போகிறது. பின்னால் மலை நிற்க, நீளமான கூட்ஸ் வண்டி வளைந்து வருவதை இந்தப் பக்கத்தில் நன்றாகப் படமெடுக்கலாம் என்பதால் கோவை, பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து இளைஞர்கள் விடுமுறை நாட்களில் வருகிறார்கள். பெரும்பாலும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். கேரளத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் அவர்களில் உண்டு.

நான் பாலக்காட்டில் வழக்கறிஞராக இருக்கிறேன். இந்த நிகழ்வில் சிக்கிய இருவர் சார்பில் முதல் தொலைபேசி அழைப்பிலிருந்து வழக்கு முடியும்வரை கூட இருந்தேன். அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆலையையும் காவல் நிலையத்தையும் ஆட்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

ஒருவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பாலிடெக்னிக் மாணவர், வயது 20. ரயில்வே வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் கோவையில் லேத் பட்டறையில் வேலை செய்பவர், முப்பதைத் தாண்டியவர், பல வருடங்களாக ரயில் படம் எடுப்பவர். இங்கே மாணவர், மூத்தவர் என்றே குறிப்பிடுகிறேன்.

காட்டுப் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். 2021 நவம்பரில் எட்டிமடை – வாளையாறு இடையே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை மதுக்கரைப் பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்து யானை நடமாட்டத்தைக் கண்காணிக்கத் தொடங்கியது. அங்கே தண்டவாளத்தோரம் நின்றால் ரயில்வே சட்டத்தோடு வனச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இருவரும் அது தெரிந்துதான் காட்டைத் தவிர்த்து, தொழிற்சாலைப் பக்கம் போனால் பிரச்சினை இருக்காது என்று நினைத்திருக்கிறார்கள்.

அன்று காலை

ஜூன் மாதம், மழை விட்ட ஒரு சனிக்கிழமை. நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து ஓர் ஆலையின் மதில் ஓரமாகப் போகும் மண்பாதையில் பைக்கை நிறுத்தினார்கள். ஊர்க்காரர்கள் மாடு ஓட்டிப் போகும் பாதை அது. பாதைக்கு அந்தப் பக்கம், மெயின் லைனிலிருந்து பிரிந்து ஆலைக்குள் போகும் சைடிங். அதற்கும் அப்பால் சற்று உயரத்தில் மெயின் லைன். வேலி இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. புல்லுக்குள் பாதி புதைந்த எல்லைக் கற்கள் மட்டும் இருந்தன.

மூத்தவர் பாதை ஓரத்திலேயே நின்றார். மாணவருக்கு உயரம் போதவில்லை. சைடிங் மேட்டில் ஏறித் தண்டவாளங்களுக்கு நடுவில் நின்றார். ஸ்லீப்பருக்கு இடையே புல் முளைத்திருந்தது, தண்டவாளம் துருப்பிடித்திருந்தது, அதனால் ஓடாத லைன் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். ஆனால் அவர் எடுத்த படத்தையே பெரிதாக்கிப் பார்த்தபோது தண்டவாளத்தின் மேல்முகத்தில் மெல்லிய பளபளப்புக் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சக்கரம் உருளும் இடம் அதுதான். பக்கவாட்டில் எவ்வளவு துரு இருந்தாலும் மேல்முகம் பளபளத்தால் அந்த லைனில் சமீபத்தில் வண்டி போயிருக்கிறது என்று பொருள்.

பாலக்காட்டுப் பக்கமிருந்து மெயின் லைனில் ஓர் எக்ஸ்பிரஸ் வந்தது. மாணவர் அதை நோக்கிக் கேமராவில் கண் வைத்தார். அதே நேரத்தில் அவர் முதுகுப் பக்கமிருந்து, அதாவது கிழக்கிலிருந்து, காலி வேகன்களைச் சைடிங்கில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளும்போது எஞ்சின் பின்னால் இருக்கும். வேகன்தான் முன்னால் வரும். இப்படி வேகன்களை இடம் மாற்றும் ஷன்டிங் வேலையில் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அந்த வேகத்தில் உருளும் வேகன் சத்தம் எதுவும் பெரிதாக எழுப்பாது. ஆனால் காலி வேகன் ஒன்றே 20 டன்னுக்கு மேல் எடை. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசும் மாதம் அது. கிழக்கிலிருந்து வரும் சத்தத்தைக் காற்று திருப்பித் தள்ளிவிடும், மேற்கிலிருந்து வரும் எக்ஸ்பிரஸின் சத்தத்தைக் காதுக்குக் கொண்டுவந்து கொட்டும். மாணவர் காதில் எக்ஸ்பிரஸ் மட்டுமே இருந்தது.

வேகன்களுக்கு முன்னால் கொடியோடு நடந்து வந்த பாயின்ட்ஸ்மேன், அதாவது ஷன்டிங்குக்கு வழிகாட்டும் ரயில்வே ஊழியர், பார்த்துவிட்டார். விசில் அடித்து, கத்தி, சிவப்புக் கொடி காட்டி வேகன் வரிசையை நிறுத்தச் சொன்னார். மூத்தவரும் "தம்பி, பின்னாடி!" என்று கத்தியிருக்கிறார். மாணவர் மேட்டிலிருந்து பாதைப் பக்கம் குதித்து விழுந்தார். முழங்கை சிராய்ந்தது. வேகன்கள் அவர் நின்ற இடத்தைத் தாண்டி வந்துதான் நின்றன.

அந்த ரயில்வே ஊழியர் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் இதை நிகழ்வு ஆய்வாக எழுத முடிகிறது. இல்லாவிட்டால் பிரேதப் பரிசோதனை அறிக்கையைத்தான் படித்துக்கொண்டிருப்போம்.

செக்யூரிட்டி அறையில்

விசில் சத்தம் கேட்டு ஆலையின் செக்யூரிட்டி ஊழியர்கள் வெளியே வந்தார்கள். கேமராவைப் பார்த்ததும் பேச்சு விபத்திலிருந்து படத்துக்கு மாறிவிட்டது. யாரைக் கேட்டு எடுத்தீர்கள், எந்த நிறுவனத்துக்காக எடுத்தீர்கள், எல்லாவற்றையும் அழியுங்கள். மாணவர் கையிலிருந்த கேமராவை ஒருவர் வாங்கிக்கொண்டார். இருவரையும் கேட்டுக்குப் பக்கத்து அறையில் உட்காரவைத்தார்கள். மேலாளர் ஒருவர் வந்து, இது தடைசெய்யப்பட்ட இடம், அரசு ரகசியச் சட்டத்தில் உள்ளே போட்டுவிடுவார்கள் என்றார்.

மாணவர் பயந்துபோய், "அழிச்சுடறேன் சார், விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். மூத்தவர்தான் தடுத்தார். அங்கிருந்து எனக்கு அழைத்தார். "வக்கீல் சார், கேமராவை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அழிச்சுட்டுப் போகச் சொல்றாங்க. என்ன பண்றது?"

நான்கு விஷயங்கள் சொன்னேன். சண்டை வேண்டாம், கேமராவைப் பிடுங்க வேண்டாம். எதையும் அழிக்க வேண்டாம். 112-க்கு நீங்களே அழைத்து, எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். தண்டவாளத்தில் நின்றதைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

ஏன் அப்படிச் சொன்னேன்

படத்தை அழிக்காதே என்பதுதான் பலருக்கும் புரியாத ஆலோசனை. அழித்தால் விட்டுவிடுவார்களே, எதற்கு வம்பு என்று மாணவரின் அப்பாவும் பிறகு கேட்டார். அவர்கள் ரயிலைத்தான் எடுத்தார்கள், ஆலையை உளவு பார்க்கவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த மெமரி கார்டு. அழித்துவிட்டால் என்ன இருந்தது என்று ஆளாளுக்குச் சொல்வதுதான் மிஞ்சும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் அப்போதே மூத்தவரிடம் சொன்னேன்: மாணவர் சைடிங் நடுவில் நின்றார் என்பதையும் அதே படங்கள்தான் காட்டிக்கொடுக்கும். பெரிய சந்தேகத்திலிருந்து விடுபடச் சின்னக் குற்றத்தை ஏற்றுக்கொள்வதுதான் வழி என்று முடிவெடுத்தோம்.

போலீசை நாமே கூப்பிடுவானேன்? தனியார் செக்யூரிட்டிக்குத் தன் வளாகத்துக்குள் வராதே, வெளியே போ என்று சொல்ல உரிமை உண்டு. கேமராவைப் பறிமுதல் செய்யவோ, படத்தை அழிக்கச் சொல்லி அடைத்துவைக்கவோ சட்டம் அவர்களுக்கு அதிகாரம் தரவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவுப்படி, தன் கண் முன்னால் ஜாமீனில் வர முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால், அல்லது அவர் நீதிமன்றம் அறிவித்த தலைமறைவுக் குற்றவாளியாக இருந்தால் மட்டுமே தனிநபர் ஒருவரைப் பிடித்துவைக்கலாம். அப்படிப் பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். ரயில்வே நிலத்தில் அத்துமீறி நுழைவது அந்த வகைக் குற்றமில்லை. அத்துமீறியவரை அப்புறப்படுத்த ரயில்வே ஊழியருக்கு அதிகாரம் உண்டு, அவர் உதவிக்கு அழைத்தவருக்கும் உண்டு. இங்கே பாயின்ட்ஸ்மேன் யாரையும் உதவிக்கு அழைக்கவில்லை.

செக்யூரிட்டி ஊழியர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒப்பந்தச் சம்பளத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர்கள். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. அதனால்தான் எதிர்ப்புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-வது பிரிவு, அதாவது முறையின்றி அடைத்துவைத்தல், பொருந்தியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

போலீஸ் வந்த பிறகு

சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து உள்ளூர்க் காவல் நிலைய எஸ்.ஐ. வந்தார். நானும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார். கேமராவில் இருந்த படங்களை மாணவர் தானாகவே ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாம் எஞ்சின், வண்டி, சிக்னல். நான்கு படங்களில் பின்னணியில் ஆலைச் சுவரும் புகைபோக்கியும் இருந்தன. செல்போனைத் திறந்து காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எழுத்துமூலம் கேளுங்கள் என்று சொல்வதாக இருந்தேன். போன் கடவுச்சொல்லைக் கட்டாயப்படுத்தி வாங்கலாமா என்பது நீதிமன்றங்களில் இன்னும் தீராத விவாதம்.

தடைசெய்யப்பட்ட இடம் என்ற பேச்சு மறுபடியும் வந்தது. 1923-ம் ஆண்டு அரசு ரகசியச் சட்டத்தில் அதற்கு வரையறை இருக்கிறது. படைத்துறை சார்ந்த அரசு இடங்கள் நேரடியாகவே அதில் அடங்கும். ரயில் பாதை, மின் நிலையம் போன்றவை மத்திய அரசு அரசிதழில் அறிவித்தால் மட்டுமே அடங்கும், அந்த அறிவிப்பின் நகலை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அந்த இடத்தில் ஒட்டவும் வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறதா என்று மேலாளரிடம் பணிவாகக் கேட்டேன். பிரதான கேட்டில் 'புகைப்படம் எடுக்கக் கூடாது' என்ற பலகை இருந்தது. அது ஆலை தன் வளாகத்துக்குப் போட்ட விதி, நெடுஞ்சாலையைப் பார்த்திருந்தது, மண்பாதையிலிருந்து தெரியாது. எஸ்.ஐ. அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்.

இதைப் படித்துவிட்டு எந்த ஆலையையும் எடுக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொதுச் சாலையில் நின்று கண்ணுக்குத் தெரிவதைப் படமெடுப்பதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கஞ்சிக்கோட்டில் ராணுவத்துக்கு வண்டி தயாரிக்கும் பொதுத்துறை ஆலையும் இருக்கிறது. அப்படிப்பட்ட மதிலின் பக்கம் லென்ஸைத் திருப்பிவிட்டு உரிமை பேசுவது புத்திசாலித்தனம் இல்லை.

அப்புறம் வாக்குமூலம். ஒரு காவலர் மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார். மாணவருக்கு மலையாளம் பேச வரும், வேகமாகப் படிக்க வராது. படிக்க முடியாததில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று தடுத்தேன். புலன்விசாரணையில் போலீசிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தை வாங்கக் கூடாது என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181-வது பிரிவே சொல்கிறது. மாணவர் நடந்ததைத் தமிழில் தானே ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார், எஸ்.ஐ. ஏற்றுக்கொண்டார். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ன்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களோடு தமிழர்கள் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம். எல்லையோரத்தில் வாழும் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பது எனக்கு நீண்ட நாள் ஆதங்கம்.

நிலைய நாட்குறிப்பில் பதிவு செய்துகொண்டு, கேமராவை அங்கேயே திருப்பித் தந்தார்கள். ஆலைத் தரப்பில் புகார் இல்லை.

பத்தடி இடைவெளி, இரண்டு முடிவுகள்

விஷயம் அதோடு முடியவில்லை. ஷன்டிங் நின்றது ஸ்டேஷன் மாஸ்டர் வழியாக ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்.பி.எஃப்.புக்குப் போயிருந்தது. ரயில்வே நிலத்தில் நடந்த அத்துமீறலை அவர்கள்தான் பார்ப்பார்கள். சாயங்காலம் வந்து, இருவரையும் நின்ற இடத்தில் நிற்கச் சொல்லி, எல்லைக் கல்லைத் தேடிப் புல்லை விலக்கினார்கள். மூத்தவர் கல்லுக்கு வெளியே இருந்தார். எச்சரித்து அனுப்பினார்கள். மாணவர் நின்ற இடம் கல்லிலிருந்து சுமார் பத்தடி உள்ளே. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-ல் வழக்குப் பதிந்து, அன்றே ஜாமீனில் விட்டார்கள்.

'ஆலைக்குப் போகிற லைன்தானே, ரயில்வேயுடையது இல்லையே' என்று மாணவர் வாதாடிப் பார்த்தார். அந்தச் சட்டத்தில் ரயில்வே என்பதன் வரையறையில் எல்லைக் கற்களுக்கு உட்பட்ட நிலம் எல்லாமே வரும், ரயில்வேயோடு இணைந்து பயன்படும் சைடிங்கும் யார்டும் வரும். வேலி இல்லாதது தண்டனையைக் குறைக்கக் கேட்க உதவும். குற்றமே இல்லை என்று சொல்ல உதவாது என்பது என் கணிப்பு.

வழக்கு

பிரிவு 147-ல் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தகுந்த காரணம் இல்லாவிட்டால் அபராதம் 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பெரும்பாலானவர்கள் முதல் நாளே ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சின்ன கேஸ்தானே என்று வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். 500 ரூபாய் கட்டினாலும் அது தண்டனைதான். அரசு வேலைக்குப் படிக்கிற பையன் விஷயத்தில் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

எதிர்த்து வழக்காடினால் மாதக்கணக்கில் அலைய வேண்டும், சாட்சியமோ அவர் கேமராவிலேயே இருக்கிறது. அதனால் ஒப்புக்கொள்வது, ஆனால் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-ன் 3-வது பிரிவின்கீழ் எச்சரித்து விடுவிக்கக் கேட்பது என்று முடிவு செய்தோம். இரண்டு ஆண்டுக்கு மிகாத சிறைத்தண்டனை உள்ள குற்றங்களில், முன்பு தண்டனை பெறாதவர் அதைக் கேட்கலாம். அப்படி விடுவிக்கப்பட்டால் தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவரைத் தொடாது என்று அதே சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. மாணவரின் வயதையும் கல்லூரிச் சான்றையும் தமிழில் எழுதிக் கொடுத்த உண்மையான வாக்குமூலத்தையும் முன்வைத்தோம். நீதிபதி அவரிடம் நேராக இரண்டு கேள்வி கேட்டார், எச்சரித்தார், விடுவித்தார்.

வேலைக்கான படிவத்தில் வழக்கு இருந்ததா என்று கேட்டால் இருந்தது என்றே எழுத வேண்டும் என்று மாணவரிடமும் அவர் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. மறைப்பது ஒரு தனிக் குறையாகப் பார்க்கப்படும். இளம் வயதில் நடந்த சிறு குற்றமாக இருந்தால் வேலை தருபவர் அதைப் பொறுத்துக்கொள்ள இடமுண்டு.

பிறகு மாறியவை

மூத்தவர் தன் நண்பர்கள் வட்டத்தில் சில பழக்கங்களைக் கொண்டுவந்திருக்கிறார். யாராவது ஒருவர் கேமராவைத் தொடாமல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துருப்பிடித்திருந்தாலும் எல்லா லைனும் ஓடும் லைன்தான். படமெடுக்கும் இடத்துக்குப் போனதும் முதலில் எல்லைக் கல்லைத் தேட வேண்டும். ரயில் பெட்டி தண்டவாளத்துக்கு வெளியே ஏறக்குறைய முக்கால் மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும், 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 28 மீட்டர் கடக்கும் என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்குத் தரையில் கோடு போட்டே காட்டுகிறார். பாலத்தின் மேல் நிற்கும்போது செல்ஃபி ஸ்டிக், குடை எதையும் நீட்டக் கூடாது. கீழே போகும் கம்பியில் 25,000 வோல்ட், தொடாவிட்டாலும் இரண்டு மீட்டருக்குள் வந்தாலே ஆபத்து. சிவப்புச் சட்டை வேண்டாம், லோகோ பைலட் அபாய சமிக்ஞை என்று நினைத்துவிடக் கூடாது. பிளாட்பார டிக்கெட் வாங்கி ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு நின்றால் பாதிப் பிரச்சினை இல்லை. யூடியூப் போன்றவற்றில் வருமானத்துக்காக எடுப்பவர்கள் கோட்ட அலுவலகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆலை நிர்வாகத்தோடு ஒருமுறை உட்கார்ந்து பேசினோம். மண்பாதைப் பக்கம் மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பலகை வைத்தார்கள். 'சைடிங்கில் எந்த நேரமும் வேகன் வரும்' என்பது அதில் முதல் வரி, படமெடுக்கக் கூடாது என்பது இரண்டாவது. வரிசை அப்படி இருக்க வேண்டும் என்று கேட்டது நான்தான். செக்யூரிட்டி ஊழியர்களுக்கு, கேமராவைத் தொடாமல் போலீசைக் கூப்பிடுங்கள் என்று எழுத்தில் ஒரு குறிப்புக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள்.

எல்லைக் கற்களைச் சுற்றிப் புல் வெட்டி, வெள்ளையடித்து, மண்பாதை சைடிங்கை ஒட்டும் இடத்தில் மட்டுமாவது வேலி போடக் கேட்டு ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு மனு அனுப்பினோம். மாடு ஓட்டிப் போகிறவர்கள் தினமும் அங்கேதான் நடக்கிறார்கள். கற்களுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். வேலிக்கு இன்னும் பதில் வரவில்லை, நினைவூட்டல் அனுப்பியிருக்கிறோம்.